பச்சைப் பெயிண்டும் பெட்ரோல் முள்ளும்

கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் கண்மூடி உட்கார்ந்துவிடுவார். அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. எந்த வண்டி வந்தாலும் பக்கத்துக் கடைக்காரருக்கு முதல் வேலை இதுதான். கேட்டால், "வண்டி என்ன சொல்லுதுன்னு கேக்க வேணாமாண்ணே?" என்பார். அணைத்துப் போட்ட வண்டி என்ன சொல்லும்? எனக்குத் தெரிந்து அவர் தூங்குகிறார். ஆனால் எழுந்ததும் கோளாறு இருக்கும் இடத்திலேயே போய்க் கை வைப்பார். அதுதான் எனக்குப் பொறுக்காது.

தெருவில் அவருக்கு முள்ளுக்காரர் என்று பெயர். வண்டிகளின் மீட்டர் முள், விளக்கு, ஒயர் எல்லாம் பார்க்கிற எலக்ட்ரீஷியன். என் மெக்கானிக் பட்டறைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். ஒரு பேனாக்கத்தி, பழைய பல் பிரஷ், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு முழம் ஒயர். அவருடைய மொத்தத் தளவாடமும் சட்டைப் பையில் அடங்கிவிடும். என்னிடம் சுவர் நிறைய ஸ்பானர் தொங்குகிறது. வண்டிக்காரர்கள் என்னவோ அந்தச் சட்டைப் பையைத்தான் நம்புகிறார்கள். என் மனைவிகூட, "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்கிறாள். பொறாமைதான், மறைப்பானேன்?

ஒரே ஆறுதல் அவருடைய ஸ்கூட்டர். ஊர் வண்டிக்கெல்லாம் பெட்ரோல் முள் சரிசெய்கிறவர், வாரத்தில் ஒருநாளாவது பெட்ரோல் தீர்ந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருவார். அதன் முள் எப்போதோ உடைந்துவிட்டது. "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்று குத்துவேன். "தள்ளுனா உடம்புக்கு நல்லதுண்ணே" என்று சிரிப்பார். இப்படிப்பட்ட மனிதரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது?

போன புதன்கிழமை அவர் கண்மூடி உட்கார்ந்தது டாக்டரம்மாவின் காரில். இரண்டே பேர் உட்காரக்கூடிய, ஐம்பது வயதான பச்சை ஸ்போர்ட்ஸ் கார். பன்னிரண்டு வருடமாக நான் பார்த்துப் பார்த்து வளர்த்த வண்டி. இரண்டு மாதம் முன்பு அதன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மூன்று கோட் பச்சை அடித்து மாட்டினேன். அதில் முகம் பார்க்கலாம். அன்றிலிருந்து பெட்ரோல் முள் காலியைக் காட்டியபடியே படுத்துவிட்டது. முள்ளை மாற்றினேன். டேங்குக்குள் மிதந்து பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் மிதவையையும் மாற்றினேன். அசையவில்லை. எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் டாக்டரம்மா இரண்டு தடவை நடுச்சாலையில் நின்றார். இரண்டாம் தடவை என் பட்டறையைத் தாண்டி, நேராக முள்ளுக்காரர் கடையில் வண்டியை விட்டுவிட்டார்.

அவராலும் முடியாமல் போகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். எதையோ தேடும் சாக்கில் அங்கே போயும் நின்றேன்.

கண் திறந்தவர், சாவியைத் திருப்பிவிட்டு வண்டிக்கடியில் படுத்தார். ஒயரின் ஒரு கிளிப்பை மிதவையின் மூடியிலும் மற்றதை வண்டியின் உடம்பிலும் மாட்டினார். "முள்ளைப் பாருங்கண்ணே." பார்த்தேன். சோம்பல் முறித்தபடி மெல்ல எழுந்து முக்காலில் நின்றது, பாவி முள்.

"எர்த்து கிடைக்கலண்ணே" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "டேங்க் வழியாத்தானே கரண்ட் உடம்புக்குத் திரும்பணும். நடுவுல பெயிண்ட்."

என் மூன்று கோட். டேங்கை வண்டியோடு பிணைக்கும் போல்ட் உட்காரும் இடத்தைக்கூட விடாமல் ஆசையாக அடித்திருந்தேன். வெளியே தெரியாத ஒரு போல்ட்டைத் தளர்த்தி, அதன் அடியில் மட்டும் பேனாக்கத்தியால் கொஞ்சம் சுரண்டி, பெருவிரல் நகத்தால் வழித்துவிட்டு இறுக்கினார். கிளிப்பை எடுத்த பிறகும் முள் இறங்கவில்லை.

அவர் கை கழுவுவதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். முள்ளைப் பார்த்ததும், "அப்பாடா! என்னதான் கோளாறு? யார் பண்ண தப்பு?" என்றார். முள்ளுக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த நான் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

"வயசான வண்டிம்மா. எர்த்து விட்டுப்போச்சு."

"இனிமே நீங்களே இதைப் பாத்துக்குங்க." டாக்டரம்மா சாவியை அவரிடம் நீட்டினார். பன்னிரண்டு வருடமாக என் பட்டறை ஆணியில் தொங்கிய சாவி.

முள்ளுக்காரர் தலையைத் திருப்பி, முகவாயால் என்னைக் காட்டியபடி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தப் பெருவிரல் நகத்திடுக்கில், என் பச்சைப் பெயிண்ட்.