ஆஸ்பத்திரி வாசலில் வாளிக் கடை

வாடிக்கையாளர் திரும்பி வரக்கூடாது என்று கடைக்காரரே வேண்டிக்கொள்ளும் தொழில் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் நான்கு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் எங்கள் கடை. வாளி, பாய், பிளாஸ்க், தட்டு, டம்ளர், போர்வை என்று, நோயாளியோடு வந்து தங்குகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். என் கணவருக்கு வேலை போனபிறகு வீட்டுக்கு இது ஒன்றுதான் வருமானம். என்னோடு கடையில் இருப்பவர் செல்வி அக்கா. குருசுக்குப்பத்துக்காரர். இருபது வருஷம் கூடையில் மீன் விற்றுவிட்டு, முழங்கால் வலி வந்ததும் என்னோடு சேர்ந்துகொண்டார். கடையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று, சிறுதொழிலை வளர்ப்பது எப்படி என்ற ரெண்டு நாள் வகுப்புக்குப் போய் ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். என்னைப்போல் சின்னக் கடை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களே, அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

நன்றி, மீண்டும் வருக

வந்த வாடிக்கையாளரை மறுபடி வரவைக்க வேண்டும் என்பது முதல் பாடம். வகுப்பிலிருந்து வந்த மறுநாளே மஞ்சள் எழுத்தில் 'நன்றி, மீண்டும் வருக' என்று பலகை எழுதி மாட்டினேன். மீதிச் சில்லறை கொடுக்கும்போது அதையே வாயாலும் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்று செல்வி அக்காவுக்கும் கட்டளை போட்டேன்.

அன்றைக்கே செஞ்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து, டிஸ்சார்ஜ் ஆகி, அந்தம்மா ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். சாமான்களைப் போட்டுக்கொள்ள ஒரு பெரிய பை கேட்டார். கொடுத்துவிட்டு, "மறுபடியும் வாங்கய்யா" என்று பல் தெரியச் சிரித்தேன். அவர் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என்ன தப்பு செய்தேன் என்றே எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "எம்மா, 'போயிட்டு வரேன்'னுகூட வாயில வந்துடாம, 'போறோம்'னு மட்டும் நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கோம், நீ இன்னாம்மா பலகை மாட்டிக் கூப்புடற?"

மொத்தமாக வாங்கினால் லாபம்

பொருள்களைத் தனித்தனியாக விற்காதீர்கள், சேர்த்துக் கட்டிக் கொடுங்கள் என்றும் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எட்டுச் சாமான்களை ஒரே பையில் போட்டு, விலையைக் குறைத்து, 'அட்மிஷன் செட்' என்று பெயர் வைத்து வாசலில் அடுக்கினேன். யாரும் தொடவில்லை.

தம்பியைக் கொண்டுவந்து சேர்த்திருந்த பண்ருட்டிக்காரர் ஒருவர் முதல் நாள் டம்ளர் மட்டும் வாங்கினார். செட்டைக் காட்டினேன். "வேணாங்க, நாளைக்கே வூட்டுக்குப் போயிடுவோம்" என்றார். மறுநாள் வந்து வாளி வாங்கினார். அதற்கடுத்த நாள் தட்டும் பிளாஸ்க்கும். நான்காம் நாள் போர்வை. ஐந்தாம் நாள், என் முகத்தைப் பார்க்காமல், பாய் கேட்டார். அதற்குள் செட்டு விலையைவிட அதிகமாகக் கொடுத்திருந்தார். மனசு கேட்காமல் அதைச் சொன்னேன். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். லாபமான விஷயத்தை ஏன் வேண்டாமென்கிறார்கள் என்று நான் புலம்ப, செல்வி அக்கா ஒரு பையைப் பிரித்து வாளியைத் தனியாக வெளியே எடுத்து வைத்தார். "பாயையும் சேத்து மொத நாளே வாங்கிட்டா, இங்கியே தங்கப்போறோம்னு அவுங்களே ஒத்துக்கின மாரி ஆயிடாதா மும்தாசு?"

போட்டியை வெல்லும் வழி

பக்கத்திலேயே ஒருவர் இதே கடையைத் திறந்தார். போட்டியாளர் தராத ஒன்றை நீங்கள் தாருங்கள் என்று என் நோட்டில் கோடு போட்டு எழுதியிருந்தது. எங்களிடம் பிளாஸ்க் வாங்கினால் தினமும் வெந்நீர் இலவசம் என்று அறிவித்தேன். அடுப்பு வைத்தேன், அண்டா வைத்தேன், காலை ஆறு மணிக்கே வரிசை நின்றது. ஆனால் பிளாஸ்க் மட்டும் விற்கவில்லை. வரிசையில் நின்றவர்களின் பிளாஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பக்கத்துக் கடை ஸ்டிக்கர். நேரே போய் நியாயம் கேட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படாமல் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். "அக்கா, பக்கத்துக் கடையில வெந்நீ ஃப்ரீன்னு நானே சொல்லித்தான் விக்கிறேன், உங்களுக்கு நல்ல பேருதானே வருது?"

இருக்கும் இடத்துக்கே சேவை

வாட்ஸப்பில் ஆர்டர் எடுக்கத் தொடங்கினேன். 'போன்ழூர் மேடம்' என்று பிரெஞ்சு வணக்கத்தோடு ஆரம்பித்து பாரிஸிலிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மா இடுப்பெலும்பு முறிந்து பெண்கள் வார்டில் இருக்கிறார், ஒரு போர்வை கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று மகன் கேட்டிருந்தார். வெளிநாட்டு வாடிக்கையாளர்! பார்வையாளர் நேரத்தில் நானே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்தம்மாவுக்குப் போர்வை ஏற்கெனவே ரெண்டு இருந்தது. உட்காரச் சொன்னார். என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த தன் கணவரைப் பற்றிச் சொன்னார். அரைமணி நேரம் போனது. மறுநாள் துண்டு ஆர்டர் வந்தது. அடுத்த நாள் ஸ்பூன். நான்காம் நாள் சீப்பு. கடையில் கூட்டம் நிற்க, ஒற்றைச் சீப்போடு நான் வார்டுக்குப் போனேன். இது வியாபாரமா வேறேதாவதா என்று எனக்கே தெரியவில்லை. "எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிடக்கூடாதாம்மா?" என்று கேட்டேவிட்டேன். அவர் சீப்பை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "மெர்சிம்மா, ரொம்ப நன்றி. சும்மா வந்துட்டுப் போன்னு கூப்பிட்டா நீ வருவியா, கடை வெச்சிருக்கறவ, அதான் பையன்கிட்ட சொல்லித் தெனம் ஒண்ணு வாங்கறேன்."

கருத்துப் புத்தகம்

வாடிக்கையாளரின் கருத்தைக் கேட்காத கடை வளராது என்றார்கள். 'உங்கள் கருத்தை எழுதுங்கள்' என்று அட்டையில் எழுதிய நோட்டு ஒன்றைப் பேனாவோடு நூல் கட்டி வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்தேன். 'கார்த்தி, ஏழு வயசு, ஆபரேஷன் நல்லபடியா முடியணும்.' அடுத்த வரியில் ஒரு சிலுவை போட்டு, ஒரு பெண்ணின் பெயர். அதற்குக் கீழே 786 என்று எழுதி, 'எங்க அத்தா கண் முழிக்கணும்.' பன்னிரண்டு பக்கம். கடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கிழித்துப் போடவும் முடியவில்லை, அப்படியே மூடி வைக்கவும் முடியவில்லை. மக்ரிப் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொரு பெயராகச் சொல்லி துஆ கேட்டேன். செல்வி அக்காவுக்குப் படிக்க வராது. நோட்டையே கோயிலுக்கு எடுத்துப்போய் அம்மன் காலடியில் வைத்துக் கொண்டுவந்தார். அந்தப் பெயர்களில் யார் குணமாகி வீட்டுக்குப் போனார்கள், யார் போகவில்லை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியே இல்லை.

ஒருநாள் சங்கராபுரம் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். "இது கடையைப் பத்தி எழுதறதுக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ தெரியவில்லை. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பேனாவை எடுத்து மறுபடி அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, பாதியில் நின்ற பெயரை முழுசாக எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "கடையைப் பத்தி எழுத இன்னாக்கா இருக்குது, வாளி நல்லாத்தான் இருக்குது, எம்புள்ள பேர இந்த ஊர்ல நான் வேற யாருகிட்ட எழுதிக் குடுக்கறது?"

மாடியறையையும் வாடகைக்கு எடுக்கும் அளவுக்கு இப்போது கடை வளர்ந்திருக்கிறது, ஆனால் "யாவாரம் நல்லாப் போவுதா?" என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சந்தோஷப்படுவதா, ஐயோ என்று வருத்தப்படுவதா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.