நான்கு அங்குலமும் ஒரு மிதிபலகையும்

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடி வீட்டின் கதவுக்குப் பின்னால், சென்ற வாரம்வரை ஒரு மிதிபலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முதிரைப் பலகை, நீளம் இரண்டடி, அகலம் ஒன்பது அங்குலம். மேற்புறத்தில் பழைய டயரிலிருந்து அறுத்தெடுத்த இறப்பர் பட்டை அறையப்பட்டிருக்கும். ஒரு விளிம்பில் இரண்டு இரும்புக் கொக்கிகள். வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பதுண்டு. "வாகனத்துக்குரியது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுக் கதையையும் சொன்னால், கொட்டாஞ்சேனையின் குறுகலான ஒழுங்கையொன்று என்னைப் பார்த்துச் சிரித்த ஒரு முற்பகலையும் சொல்லவேண்டி வரும். அதற்கு நான் நெடுங்காலம் ஆயத்தமாக இருக்கவில்லை.

யுத்தம் நடந்த ஆண்டுகளில், கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்திக் கொடுக்கும் ஒரு தரும நிலையத்தில் போக்குவரத்துப் பொறுப்பாளராக இருந்தேன். அதற்கு முன்னர் அரசாங்கத் திணைக்களமொன்றில் இயந்திரப் பகுதியில் இருபது ஆண்டுகள் பணியாற்றியவன். நல்ல கல்லூரியில் படித்து, எழுதியதை ஒருபோதும் மாற்றி எழுதாதவன் என்று பெயர் பெற்றிருந்தேன். அந்தப் பெயரை இஸ்திரி போட்ட சட்டையைப்போலக் கசங்காமல் காத்துவந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிலையத்திடம் இருந்தது ஒரேயொரு ஜீப். எங்கள் கைக்கு வந்தபோதே அதற்குப் பதினைந்து வயது கடந்திருந்தது. நீண்ட உடல், நான்கு சில்லுகளுக்கும் வளைந்த இரும்புத் தட்டுகளை அடுக்கிய தட்டு ஸ்பிரிங். மட்டக்களப்புக்கு மேற்கே, வாவிக்கு அப்பாலுள்ள கிராமங்களுக்குச் சென்று, கால் இழந்தவர்களை நகரத்தில் கால் பொருத்தும் இடத்துக்கு ஏற்றிவருவதே அதன் வேலை.

ஒரு மாரி முடிந்த கையோடு போன பயணத்தில் அந்த ஜீப் எங்களைக் கைவிட்டது. உழவு இயந்திரங்கள் ஓடி ஓடி இருபுறமும் ஆழமாகப் பள்ளம் விழுந்த வண்டிப்பாதை. நடுவே முதுகுபோல மண்மேடு. அந்த மேட்டில் ஜீப்பின் வயிறு குந்திவிட்டது. சில்லுகள் சேற்றில் சுழன்றனவேயன்றி வாகனம் அசையவில்லை. அன்று ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஆறு பேர் காலையிலிருந்து மாலைவரை எங்களுக்காகக் காத்திருந்துவிட்டு வீடு திரும்பினார்கள். அதற்கு முன்னைய கிராமத்தில் வேறொன்றும் நடந்திருந்தது. தொடைக்குக் கீழே வலது கால் இல்லாத ஓர் ஆசிரியை, ஜீப்பின் கதவுவரை ஊன்றுகோலுடன் வந்து, சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "வர மறுத்தார்" என்று எழுதினேன். ஏனென்று கேட்கவில்லை.

கொழும்புக்குத் திரும்பியதும், இனி அப்படி நடக்காது என்று நிருவாகக் குழுவிடம் வாக்குக் கொடுத்தேன். மூன்று பக்க அறிக்கை எழுதினேன். ஜீப்பின் உடலை நான்கு அங்குலம் உயர்த்தவேண்டும், அதற்கேற்ற புதிய ஸ்பிரிங் தொகுதி பொருத்தவேண்டும் என்பது என் முடிவு. வரைபடமும் இணைத்திருந்தேன். குழுத் தலைவர், ஓய்வு பெற்ற சட்டத்தரணி, புதுக்கடை நீதிமன்றங்களில் நரைத்தவர், கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்தார். "உங்கட கையெழுத்து இருந்தால் நாங்கள் வாசிக்கத் தேவையில்லை" என்றார். அந்த வார்த்தையை நான் பல நாள் மனத்துக்குள் சுவைத்தேன். அடுத்த பயணத்துக்கான படையினரின் அனுமதியும் கிடைத்தது. இரண்டு வாரத்தில் புறப்படவேண்டும். தவறினால் மறுபடி எப்போது பாதை திறக்கும் என்று எவராலும் சொல்லமுடியாத காலம் அது.

கொட்டாஞ்சேனையின் அந்த ஒழுங்கையில் ஸ்பிரிங் வேலைக்கென்றே பெயர்போன ஒரு கராஜ் இருந்தது. அதன் உரிமையாளரை, கைவினைஞரை அழைக்கும் கொழும்பு வழக்கப்படி, எல்லோரும் ஸ்பிரிங் பாஸ் என்றே அழைத்தார்கள். முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் நீட்டிய அறிக்கையை அவர் வாங்கவில்லை. கையில் கிறீஸ் என்று காட்டிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் புகுந்தார். கால்மணி நேரம் அவருடைய பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

"சேர், இது ஒண்டர இஞ்சி படுத்து ஈக்கி" என்று அடியிலிருந்து குரல் வந்தது; ஸ்பிரிங் ஒன்றரை அங்குலம் தளர்ந்து இறங்கியிருக்கிறதாம். "நீங்க அளந்தது படுத்த ஸ்பிரிங்க. தட்டெல்லாம் கழட்டி, சுட்டு, வளைச்சிப் போட்டாலே பாதி வேல முடிஞ்சி."

"நான் கணக்குப் போட்டுத்தான் எழுதினனான்" என்றேன்.

"கணக்கு சரி சேர். ஜீப்புதான் பிழ."

உடன் வந்திருந்த எங்கள் சாரதி முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். பாஸ் வெளியே வந்து, விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். நான்கு அங்குலம் உயர்த்தினால் பின்சில்லுக்குப் போகும் தண்டு அளவுக்கு மீறிச் சாய்ந்து சீக்கிரம் தேயும். பிறேக் குழாய் எட்டாது. வளைவில் வாகனம் சரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சு நின்ற இடத்தில்தான் நிற்கும். அதை உயர்த்துவது பெரிய டயர் ஒன்றுதான். இவையெல்லாம் நான் அறியாதவையல்ல. அறிந்தும், வயிறு குந்திய அந்த நாளின் அவமானத்தில் உயரம் ஒன்றையே நினைத்திருந்தேன். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நான்கு அங்குலம் என்று குழு தீர்மானித்துவிட்டது என்றேன்.

பாஸ் கைகளைத் துடைத்தபடி கேட்டார்: "இதுல ஏறப் போறது யாரு சேர்?"

"கிராமத்துச் சனங்கள்."

"கால் ஈக்கிற சனமா?"

அவர் ஜாக்கியை உருட்டிவந்து ஜீப்பைத் தூக்கி, சில்லுகளின் கீழ் நான்கு அங்குல மரக்கட்டைகளை வைத்தார். பிறகு இரண்டு மரச்சட்டங்களையும் பழைய டியூப்பில் வெட்டிய இறப்பர் நாடாவையும் எடுத்துவந்தார். "கோவிக்காம வலது கால தாங்க. முழங்கால் மடங்காமக் கட்டுறேன். நீங்க ஏறிட்டா, நாலு இஞ்சிக்கு நான் கேள்வியே கேக்க மாட்டேன்."

மறுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் ஒழுங்கையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மறுப்பது தோற்பதாகும் என்று நினைத்தேன். காற்சட்டைக்கு மேலே காலை இறுகக் கட்டினார். நான் கதவுச் சட்டத்தைப் பிடித்து இடது காலை உயர்த்தினேன். கட்டுண்ட காலில் உடற்பாரம் முழுவதும் இறங்கியது, சப்பாத்து வழுக்கியது. இரண்டாம் முறை வயிறு கதவு விளிம்பில் மோதியது. மூன்றாம் முறை அந்தரத்தில் தொங்கினேன். சாரதியும் கராஜில் வேலை செய்த ஒருவரும் ஓடிவந்து, இரு கக்கத்திலும் கை கொடுத்து, என்னை மூட்டையைப்போல் உள்ளே தள்ளினார்கள்.

"ஐயா பாக்கிறதுக்கு மெலிவு, தூக்கினாத்தான் தெரியுது" என்றார் சாரதி, மூச்சு வாங்க.

"மாப்பிள்ளைய மெதுவா ஏத்துங்க, பொண்ணு வீட்டுல பாத்துக்கிட்டு இருக்காங்க!" என்று எதிர்மாடியிலிருந்து ஒரு பெண் சத்தமிட்டாள். ஒழுங்கையே சிரித்தது.

இருக்கையில் முகம் குப்புறக் கிடந்தேன். சட்டை வெளியே வந்திருந்தது, மூக்குக்கண்ணாடி எங்கேயோ. அந்தக் கிடையில்தான் பதிவேட்டில் நான் எழுதிய இரண்டு சொற்கள் நினைவுக்கு வந்தன. அந்த ஆசிரியை ஜீப்பின் உயரத்தைப் பார்த்தார். பக்கத்தில் தூக்கி ஏற்றத் தயாராக நின்ற இரண்டு ஆண்களைப் பார்த்தார். பின்னால் நின்ற தம் மாணவர்களையும் பார்த்திருப்பார். அவர் வர மறுக்கவில்லை. அப்படித் தூக்கப்பட மறுத்தார். உயர்த்தாத ஜீப்பிலேயே அந்த நிலை. அதை இன்னும் நான்கு அங்குலம் அவருக்கு எட்டாமல் செய்வதற்கு நான் கையெழுத்து வைத்திருந்தேன்.

பாஸ் சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்யவேண்டும். கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துத் தந்தார். நாங்கள் இருவரும் கட்டைகளின்மீது அமர்ந்து பால் விடாத பிளேன்ரீ குடித்தபடி வேலையைத் தீர்மானித்தோம். படுத்த ஸ்பிரிங்கைப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, ஒரு தட்டு கூட்டுவது. மொத்தம் இரண்டு அங்குலம். சற்றுப் பெரிய டயர். கதவோரம் பிடிப்பதற்கு ஒரு கைப்பிடி. ஏறுவதற்கு ஒரு மிதிபலகை. அதை நிரந்தரமாகப் பொருத்தினால் மண்மேட்டில் அடிபடும். ஆகவே கொக்கியில் மாட்டிக் கழற்றுவதாக இருக்கட்டும் என்றேன். "அது நல்ல யோசன சேர்" என்று அவர் சொன்னபோது, குழுத் தலைவரின் பாராட்டைவிட அது எனக்குப் பெரிதாகப்பட்டது.

ஆனால் குழுவுக்கு எழுதவேண்டியிருந்தது. "சிறு திருத்தம்" என்று தொடங்கி ஒரு தாளைக் கிழித்தேன். "மேலதிக ஆலோசனையின் பின்" என்று தொடங்கி இன்னொன்றைக் கிழித்தேன். இறுதியில், "எனது முன்னைய அறிக்கை பிழையானது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கூட்டத்தில் தலைவர் அதை இருமுறை வாசித்தார்.

"உங்களுக்குப் பிழைச்சுப் போச்சா?"

"ஓம். ஜீப்பை அளந்தனான். ஏறுற ஆக்களை யோசிக்கேல்லை."

குழுவினரின் நாற்காலிகள் சங்கடத்தில் அசைவதற்காகக் காத்திருந்தேன். இருபது ஆண்டுகால மதிப்பு மேசைமேல் கிடந்ததாக எனக்குத் தோன்றியது. தலைவர் தாளை மடித்தார். "அப்ப வேலை எப்ப முடியும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனார். அவ்வளவுதான். நான் அஞ்சிக் காத்துவந்த பெயருக்கு யாதொன்றும் நேரவில்லை.

ஜீப் குறித்த நாளில் புறப்பட்டது. சோதனைச் சாவடிகளில் படையினர் வாகனத்தின் அடியில் கண்ணாடி நீட்டிப் பார்த்தார்கள், மிதிபலகையைக் கழற்றித் தட்டிப் பார்த்தார்கள், திருப்பித் தந்தார்கள். அந்த வண்டிப்பாதையில், "பள்ளத்துல போகாதீங்க, ஒரு பக்கத்துச் சில்ல மேட்டுமேல வைங்க" என்று பாஸ் சாரதிக்குச் சொல்லி அனுப்பியபடியே ஓட்டினோம். மண் ஒருமுறை வயிற்றை உரசியது. என் மூச்சு நின்றது. வாகனம் நிற்கவில்லை. விறாந்தையில் காத்திருந்த ஆறு பேரையும் அன்று ஏற்றினோம்.

அன்று காலையில், அதற்கு முன்னைய கிராமத்தில், ஆசிரியையின் வீட்டு வாசலுக்கு நானே போயிருந்தேன். சென்றமுறை காரணம் கேளாமல் போனது என் தவறு என்று சொன்னேன். அவர் ஊன்றுகோலுடன் ஜீப்பருகே வந்தார். நான் பலகையை மாட்டிவிட்டு, சாரதியையும் அழைத்துக்கொண்டு பத்தடி தள்ளிப்போய் நின்றேன். அவர் கைப்பிடியைப் பிடித்தார். நல்ல காலைப் பலகையில் வைத்தார். எழும்பி, திரும்பி, இருக்கையில் அமர்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"போனமுற நீங்க கொண்டுவந்தது வாகனமில்ல ஐயா, மதில்" என்றார். "இதுதான் வாகனம்."

பதிவேட்டில் பழைய இரண்டு சொற்களையும் அடித்து, "தாமாக ஏறினார்" என்று எழுதினேன். நான் எழுதி மாற்றியவற்றுள் அது இரண்டாவது.

யுத்தம் முடிந்து ஜீப் விற்கப்பட்டபோது பலகையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாஸ் இன்றும் எப்போதாவது தொலைபேசியில் அழைப்பார். "முழங்கால் மடங்குதா சேர்?" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. எண்பதை நெருங்கும் எனக்கு அது இப்போது வேடிக்கையான கேள்வியல்ல.

சென்ற வாரம், எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்திலுள்ள அம்மையாரை, களுபோவில ஆஸ்பத்திரியில் முழங்கால் சத்திரசிகிச்சை முடித்து அழைத்துவந்தார்கள். மறு சோதனைக்குப் போகும் நாளில் அவருடைய மகனின் உயரமான புதிய வாகனம் வாசலில் நின்றது. இரண்டு பேர் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்க ஆயத்தமானார்கள். மாடியிலிருந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னாலிருந்த பலகையை எடுத்துக்கொண்டு, மெதுவாகப் படியிறங்கிப் போனேன். கொக்கிகள் புதிய வாகனத்தின் விளிம்பிலும் பிடித்தன. எல்லோரும் சற்று விலகி நிற்குமாறு கேட்டேன். அவர் தாமாக ஏறி அமர்ந்த பிறகு, இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். ஒழுங்கை சிரித்ததையும் விடாமல், முதன்முறையாக முழுவதையும் சொன்னேன். அவரும் நன்றாகச் சிரித்தார்.

பலகையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன். கதவுக்குப் பின்னால் அது சாய்ந்திருந்த இடத்தில், சுவரில் இறப்பரின் கறுப்புக் கோடு ஒன்று இருக்கிறது. வெள்ளையடிக்க வருகிறவரிடம் அதை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.