குதிரைக்கு வந்த வார்த்தை

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலத் துணைப்பாடமாக ஒரு நாவல் இருந்தது. பெரிய கதையைச் சுருக்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று ஒல்லியாக அச்சடித்த புத்தகம். சீமையில் ஒரு பையன் தன் குதிரையோடு பனியில் ஊர் ஊராக அலைவதுதான் கதை. நாங்கள் பனியைப் பார்த்ததில்லை. குதிரையை ஜட்கா வண்டியில் பூட்டித்தான் பார்த்திருக்கிறோம். அதனால் கதை எங்கள் மனதில் ஒட்டவில்லை, வார்த்தைகள்தான் ஒட்டின. ஆங்கில வாத்தியார் ஒவ்வொரு பக்கத்திலும் கடினமான வார்த்தைகளைப் பொறுக்கிக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். மறுநாள் எழுந்து நின்று வார்த்தையைச் சொல்லி, அதன் பொருளைச் சொல்லி, சொந்தமாக ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும்.

"புத்தகத்துல இருக்கறதைச் சொல்லாத. உங்க வீட்டுல இருக்கறதை வச்சுச் சொல்லு. அப்பத்தான் மண்டையில நிக்கும்" என்பார்.

என் மண்டையில் நன்றாகவே நின்றது. சின்னாளப்பட்டியில் எங்கள் தறிக்காரத் தெருவிலிருந்து எட்டாம் வகுப்புவரை போன பெண் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

சாயங்காலங்களில் வார்த்தைகளை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். கேட்பதற்கு அத்தை இருப்பாள். அப்பாவின் ஒரே தங்கை. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுமுன் துணியெங்கும் புள்ளி புள்ளியாக நூல் முடிச்சுப் போட வேண்டும். அத்தை மடியில் துணியைப் போட்டுக்கொண்டு முடிச்சுப் போட்டபடியே, "அந்தக் குதிரை இன்னிக்கு எங்கத்தா போச்சு?" என்று கேட்பாள். எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் இல்லாத அக்கறை அந்தக் குதிரைமேல் அவளுக்கு இருந்தது.

அத்தைக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். பிறந்ததிலிருந்து பார்த்ததால் எனக்கு அது அவளுடைய நடை, அவ்வளவுதான்.

ஒருநாள் பாடத்தில் குதிரைக்குக் கால் அடிபட்டுவிட்டது. வாத்தியார் 'லேம்' என்று எழுதிப் போட்டார். மறுநாள் என் முறை வந்ததும் நான் யோசிக்கவே இல்லை.

"லேம். லேம் என்றால் நொண்டி. மை ஆன்ட் இஸ் லேம்."

வகுப்பே சிரித்தது. வாத்தியார் 'குட்' என்றார். மற்றவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. 'குட்' போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலம் அத்தை வழக்கம்போல் குதிரையை விசாரித்தாள். காலில் அடிபட்டதைச் சொன்னேன். அதற்கு என்ன வார்த்தை, நீ என்ன வாக்கியம் சொன்னாய் என்று கேட்டாள். வேறு ஏதாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. சொல்லிவிட்டேன். அத்தையின் விரல்கள் முடிச்சில் நின்றன.

"ஆன்ட்னா நானா?"

"ஆமா, அத்தை."

"திரும்பச் சொல்லு."

சொன்னேன். அவளும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அடுத்த முடிச்சைப் போட்டாள்.

அந்த வாரமே அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். திண்டுக்கல்லில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். அத்தைக்கு ஏற்கனவே வயது ஏறிக்கொண்டிருந்தது. வந்த இடமெல்லாம் காலைக் கேள்விப்பட்டே கலைந்து போயிருந்தன. இந்த முறை அப்பா தரகரிடம் காலைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர்கள் வருமுன்பே அத்தையைப் பாயில் உட்கார வைத்து, சேலையை விசிறிபோல் விரித்துவிட்டார்கள். காப்பியை அம்மா கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா, பெண் எழுந்து வந்து விளக்கைக் கும்பிடட்டும் என்றபோது, அப்பா தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னார்.

"நேத்துத் தண்ணி எடுக்கப் போன எடத்துல கால் சுளுக்கிக்கிருச்சு."

அத்தை குனிந்த தலை நிமிரவில்லை. கழுத்துவரை சிவந்திருந்தது.

"சரி, ரெண்டு வார்த்தையாவது பேசும்மா. குரலைக் கேக்கணும்ல" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அத்தை தலையைத் திருப்பி, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். "எங்க அண்ணன் மக இங்கிலீசு நல்லாச் சொல்லுவா. ஏத்தா, அந்தக் குதிரை வார்த்தை இருக்குல்ல, அதைச் சொல்லிக் காட்டு."

அத்தனை பேர் முன்னால் சொல்லிக்காட்டச் சொன்ன பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்பதுபோல் நின்று, வார்த்தையையும் பொருளையும் வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன். வாக்கியம் யாருக்கும் விளங்கவில்லை. நொண்டி என்பது விளங்கிற்று. "கடைசியா என்னமோ சொன்னியே, அதுக்கு என்ன அர்த்தம் பாப்பா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். கெட்டிக்காரப் பிள்ளையல்லவா, அதையும் தமிழில் சொன்னேன்.

தெருவில் ஓடிய தறிச் சத்தம் மட்டும் கேட்டது. கேசரித் தட்டை யாரும் தொடவில்லை.

"சுளுக்குன்னு சொன்னீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அப்பா அதுவரை என்னை அடித்ததே இல்லை. அன்று கன்னத்தில் விட்ட அறையில் பக்கத்திலிருந்த செம்பின்மேல் போய் விழுந்தேன். அம்மா தடுக்கவில்லை. "அண்ணே, விடுங்க அவளை!" என்று கத்திக்கொண்டே அத்தைதான் பாயிலிருந்து எழுந்து வந்தாள். பிறகு கேசரித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடுப்படிக்கு எடுத்துப்போய், ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். "நல்லா வந்திருக்கு மதினி" என்று அம்மாவிடம் சொன்னாள். துக்கத்தில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வகுப்பில் என் முறை வந்தால் வாய் திறக்க மாட்டேன். வாத்தியார் பெஞ்சுமேல் ஏற்றினார், திட்டினார். ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. வீட்டில் உரக்கப் படிப்பதையும் விட்டுவிட்டேன். அத்தை குதிரையைக் கேட்டபோது, புத்தகம் முடிந்துபோயிற்று என்று பொய் சொன்னேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை; நான் பக்கத்தில் வந்தால் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவள் முற்றத்தில் இருந்தால் நான் தெருவுக்குப் போய்விடுவேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை என் நாக்கு கெடுத்துவிட்டது என்று தெருப் பெண்கள் பேசியது என் காதில் விழுந்திருந்தது.

மறு வருஷம் சித்தையன்கோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். சைக்கிளில் சேலை மூட்டை கட்டிக் கிராமம் கிராமமாக விற்பவர். அத்தை முன்கூட்டிப் பாயில் உட்கார மறுத்துவிட்டாள். காப்பித் தட்டை அவளே ஏந்தி, அடுப்படியிலிருந்து கூடம்வரை சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் டம்ளரை எடுத்துக்கொண்டு அத்தையிடமே கேட்டார்.

"சைக்கிள் கேரியர்ல உக்காந்து வருவீகளா?"

"மெதுவா ஓட்டினா வருவேன்."

கல்யாணம் நடந்தது. நான் சமையல் அண்டாக்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தாலி கட்டியதைக்கூடப் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அத்தை வந்திருந்தாள். எனக்குத் தலை பின்னிவிடும்போது, முகம் பார்க்காமல் இருக்கும் தைரியத்தில், அன்றைக்கு நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

பின்னிய கை நின்றது.

"கிறுக்குப் புள்ள. உன்னையச் சொல்லச் சொன்னது யாரு? நாந்தான? பொய் சொல்லிக் கட்டிக்கிட்டுப் போயி, அங்க எந்திரிச்சு நடக்காமயா இருக்க முடியும்? நானே வாயத் தொறந்து சொன்னா எங்க அண்ணன் சொன்னது பொய்யின்னு ஆயிரும். சின்னப் புள்ள சொன்னா, தெரியாம உளறிருச்சுன்னு போயிரும்னு நெனச்சேன்." பின்னலை இறுக்கினாள். "உன்னைய அடிப்பாருன்னு நெனக்கலத்தா."

பின்னாலிருந்தே கையை நீட்டி, அப்பா அறைந்த கன்னத்தைத் தடவினாள். குதிரையைப் பற்றி அவள் கேட்பதை நிறுத்தியதும், நான் வந்தால் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் என்மேலுள்ள கோபத்தால்தான் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்த வீட்டில் அத்தையும் என்னைப்போலவே முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.