கனகமாலினியின் நடையும் கரிசல் சகதியும்

போன ஐப்பசியில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன். விடுப்பு விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதினேன். உண்மையான காரணம் வம்பு.

மதுரையில் எங்கள் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை வேலுச்சாமிக்கு. தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டிவிட்டுக் குனிந்து, "சார், கனகமாலினி எங்க அத்தை" என்றான். மேலாளரின் மைத்துனர் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்துவைத்திருக்கும் எனக்குப் பக்கத்திலேயே, இந்தப் பயல் இப்படி ஒரு சங்கதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறான்!

கனகமாலினி யார் என்று கேட்கும் வயதில் இருப்பவர்களுக்கு: கறுப்பு வெள்ளைக் காலத்துக் கதாநாயகி. நெற்றியின் வலப்பக்கம் ஒரு சுருள் முடி, முழங்கை வரைக்கும் உப்பிய கை வைத்த ரவிக்கை, அப்புறம் அந்த நடை. காதலன் கூப்பிட்டாலும் வில்லன் துரத்தினாலும் நடை ஒன்றுதான். மூன்று அடி, ஒரு நிறுத்தம், குதிகால் பின்னால் லேசாக உயரும், தோளுக்கு மேலாகத் திரும்பிக் கீழே ஒரு பார்வை. கொட்டகையில் விசில் பறக்கும். அன்னத்தைப் பார்த்துப் பழகியது என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஒரு நடன ஆசிரியர் தான் சொல்லிக்கொடுத்தது என்றார். ஒரு கால் குட்டை, அதை மறைக்கத்தான் அத்தனையும் என்றும் ஒரு பேச்சு இருந்தது. (கடைசியாகச் சொன்னதை ஊரெல்லாம் பரப்பியவர்களில் அடியேனும் ஒருவன்.)

என் மனைவி அந்த நடைக்கு அடிமை. பெண் பார்க்கப் போனபோது காபித் தட்டோடு மூன்று அடி வைத்து, நின்று, திரும்பிப் பார்த்தாள். காபி முழுவதும் என் அப்பாவின் மடியில். நான் அங்கேயே விழுந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. "அந்த நடையை எப்படிப் பிடிச்சாங்கன்னு கேட்காம வீட்டுக்குள்ள வராதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

காலை ஆறரைக்கு மதுரையில் பாசஞ்சர். கட்டணம் ஐந்து ரூபாய்க்குள். கோவில்பட்டி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். மூன்று மணி நேரம் என்றார்கள், எங்கள் வண்டி வழியில் எல்லா ஊரையும் குசலம் விசாரித்துவிட்டு நாலு மணி நேரத்தில் சேர்ந்தது. வேலுச்சாமி நிலையத்துக்கே வந்திருந்தான். மாப்பிள்ளைக் களை இல்லை, பரீட்சை எழுதப் போகிறவன் முகம். வெளியே கடையில் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கறந்தேன்.

அத்தைக்கு ஊரில் பெயர் மாடத்தி. பதினேழு வயதில் கோவில்பட்டியில் முகாம் போட்ட நாடகக் கம்பெனியோடு போனவர். அன்றோடு அண்ணன், அதாவது வேலுச்சாமியின் அப்பா அய்யாத்துரை, தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். தாயார் இறந்த சேதி கேட்டுக் கனகமாலினி காரில் வந்தபோது ஊர் எல்லையிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். அதையும் ஆள் விட்டுத்தான் சொன்னாராம்.

தாலி கட்டும்போது பின்னால் நின்று விளக்குப் பிடிப்பது அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள். உடன்பிறந்தாள் இல்லாவிட்டால் அத்தை. இவனுக்கு அக்காளும் இல்லை, தங்கையும் இல்லை. அப்பாவுக்குத் தெரியாமல் மெட்ராஸ் போய் அத்தையைக் கூப்பிட்டிருக்கிறான்.

"என்ன சொன்னாங்க?"

"'ஊர் ஓடை வரைக்கும் வாரேன். உங்கப்பன் வாயால வான்னு ஒரு சொல்லு சொன்னா உள்ள வாரேன். இல்லன்னா அங்கன நின்னே அட்சதையப் போட்டுட்டுத் திரும்பிருதேன்'னாங்க சார்."

"அப்பா சொல்லுவாரா?"

"'அவ வாசல மிதிச்சா நான் காட்டுக்குப் போயிருவேன், கல்யாணத்த நீயே நடத்திக்கோ'ன்னுட்டாரு. நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே சார்."

பேசுவேன். பலன் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஊருக்குப் போக, கயத்தாறு போகும் பேருந்தில் ஏறி, கயத்தாற்றுக்கு ஆறு கிலோமீட்டர் முன்பாகவே இறங்க வேண்டும். அங்கிருந்து கிழக்கே மூன்று கிலோமீட்டர் நடை. ஊர்ப் பெயர் எழுதுவதில்லை என்று மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் காப்பாற்றும் முதல் வாக்கு, கெடுக்காதீர்கள். தார் சாலையை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் பருத்தியும் மிளகாயும், நடுவே மழையில் ஊறிய கரிசல். வேலுச்சாமி வாழைத்தார் வாங்கக் கயத்தாற்றுக்குப் போய்விட்டான். எதிரே ஆட்டுமந்தையை ஓட்டிவந்த ஒருவர் என் காலைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, செருப்பக் கழத்திக் கையில பிடிங்க."

"பரவாயில்லைங்க, பழக்கம்தான்."

"ஒமக்குப் பழக்கந்தான். மண்ணுக்கு ஒம்மப் பழக்கமில்லல்லா?"

இருபதாவது அடியில் இடது செருப்பு உள்ளே போனது. கையை விட்டுத் துழாவினேன். மண் தருவதாக இல்லை.

கரிசல் ஈரமானால் காலில் அப்பும். இரண்டு அடி வைத்தால் உள்ளங்காலில் அடை தட்டினாற்போல் ஏறிவிடும், மூன்றாவது அடியில் கால் யானைக்கால். அப்போதுதான் எதிரே களை எடுத்துவிட்டு ஏழு பெண்கள் வரிசையாக வந்தார்கள். மூன்று அடி, ஒரு நிறுத்தம். குதிகாலைப் பின்னால் தூக்கி, மண் உதிர்ந்ததா என்று தோளுக்கு மேலாகத் திரும்பிக் கீழே ஒரு பார்வை, ஒரு உதறல், மறுபடி மூன்று அடி. ஏழு கனகமாலினிகள்! கடைசியில் வந்தவளுக்குத் தலையில் புல்லுக்கட்டு வேறு.

வாயைப் பிளந்து நின்ற என்னைப் பார்த்து ஒருத்தி, "ஏட்டி, இவிய என்ன காலையே பாக்காவ?" என்றாள். மற்றவள், "ஒத்தச் செருப்போட நிக்காவல்லா, நம்மகிட்ட சோடி இருக்கான்னு பாக்காவ" என்றாள். சிரிப்பு ஓடை தாண்டிக் கேட்டது.

அன்று சாயங்காலம் அய்யாத்துரையிடம் பேச்சை ஆரம்பித்தேன். கட்டை குட்டையான மனிதர், மீசை மட்டும் பெரிசு. "தங்கச்சி ஒருத்தங்க மெட்ராசில…" என்றேன். "சார்வாளுக்கு மோர் கொண்டாங்கலே" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு எழுந்துபோனார். ஒரு வரியில் முடிந்தது என் தூது.

காலையிலும் தூறல். முகூர்த்தம் ஏழரைக்கு. ஏழு மணிக்கெல்லாம் அய்யாத்துரை ஓடைக்கரையில் நின்று, வருகிறவர்களுக்குக் கால் வைக்க இடம் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நானும் ஒரு குடையோடு. ஓடையை ஒட்டிய வீட்டு வாசல் பந்தலில் மணையில் உட்கார்ந்திருந்த வேலுச்சாமி கழுத்தை நீட்டி நீட்டி இந்தப் பக்கமே பார்த்தான்.

தூரத்தில் பாதையில் ஒரு பெண் வந்தாள். குடை முகத்தை மறைத்திருந்தது. சேலையைக் கணுக்காலுக்கு மேல் சொருகியிருந்தாள். மூன்று அடி, நிறுத்தம், உதறல். அவர்தானோ என்று எனக்குத் தோன்றியதுதான். ஆனாலும் முந்தின நாள் ஏழு பேரைப் பார்த்து ஏமாந்தவன், வாயைத் திறக்கவில்லை. ஓடைக்கு வந்தவள் இறங்காமல் அக்கரையிலேயே நின்றாள். பிறகு அட்சதைப் பொட்டலத்தை அவிழ்க்கவோ என்னவோ இடது பக்கம் ஒதுங்கினாள். அந்தப் பக்கம்தான் புதைசேறு.

"ஏட்டி, யாரது! அங்கன மிதிக்காத, முழங்கால் வரைக்கும் வாங்கிரும்! கல்லு மேல கால வச்சு இங்கிட்டு வா!" என்று கத்தினார் அய்யாத்துரை.

அதற்குள் கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. குடை பின்னால் சாய்ந்தது. நரைத்த தலை, நெற்றியின் வலப்பக்கம் சுருள் முடி.

"செருப்பு போயிட்டுண்ணே" என்றார் கனகமாலினி.

மேளக்காரர் மட்டும் எதுவும் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தார். அய்யாத்துரை ஓடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தெரியாமல் சொன்னேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த அம்மாள் அப்படியே திரும்பியிருப்பார். நேரே காட்டுக்குப் போகும் பாதையும் பக்கத்திலேயே இருந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மழைதானே, துடைக்கத்தான் வேண்டும்.

"போனாப் போவுது. நேரமாவுது, வா" என்றார்.

கால் கழுவ நேரமில்லை. பட்டுச்சேலைக்குக் கீழே முழங்கால் வரை கறுப்பாக நின்றபடியே விளக்குப் பிடித்தார். பந்தலில் ஒழுகிய தூறலில் சுடர் அணைந்துவிடாமல் மேலே துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பந்தியில் மனைவியின் கேள்வியை அவரிடம் கேட்டேன். சிரித்தார். "மொத படத்துல ஸ்டுடியோத் தரை கண்ணாடி மாரி இருந்துச்சு. நடன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச நடைய நடந்தேன். டைரக்டர், 'இதையே வச்சுக்கோ'ன்னுட்டாரு. பொறவு பதினஞ்சு வருசம் இல்லாத சகதியத்தான் உதறிக்கிட்டுக் கெடந்தேன்."

எதிரிலையில் அய்யாத்துரை சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். தங்கையின் ஒரு படத்தையும் பார்க்காதவர். என்னிடம் கேட்டார்: "இந்த நடையப் பாக்கவா சனம் காசு குடுத்துச்சு?"

"ஆமா அண்ணாச்சி. விசில் எல்லாம் அடிச்சாங்க."

"நம்மூர்ப் பொம்பளைய பூராவும் அப்படித்தான நடக்காவ" என்றவர், கொஞ்சம் யோசித்து, "அங்கன இவ ஒருத்திதான் நடந்திருக்கா" என்றார். பிறகு தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மனைவி நம்பவில்லை. "மண்ணாவது சகதியாவது" என்று நடுக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் மூன்று அடி நடந்து, நின்று, திரும்பிப் பார்த்தாள். நான் எப்போதும்போல் விழுந்தேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மாசி, பங்குனியில் போனால் மண் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும், நடப்பது சுலபம், ஆனால் நடை எதுவும் பார்க்கக் கிடைக்காது. நடையைப் பார்க்க வேண்டுமானால் ஐப்பசியில், வெறுங்காலோடு போங்கள். மாலை ஐந்துக்கு மேல், ஊருக்குப் பிரியும் விலக்கில் பேருந்து நிற்பதை நம்பவேண்டாம். கடலைமிட்டாயைக் கோவில்பட்டியிலேயே வாங்கிவிடுங்கள், வழியில் கடை இல்லை.

மண் காய்ந்தபிறகு போகிறவர்கள் ஓடைக்கரையை ஒட்டிக் கொஞ்சம் கீழே பார்த்து நடக்கவும். மெல்லிய வாரும் குதிகால் உயரமும் உள்ள ஒற்றைச் செருப்பு கண்ணில் பட்டால், அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அதற்கு மேற்கே, தார் சாலைப் பக்கம் கிடக்கும் ஒன்பதாம் நம்பர் என்னுடையது. அதன் சோடி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. கொண்டுவந்து கொடுத்தால் காபி தருகிறோம், மடியில் விழாது என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது.