வெர்னா தெளியவைத்த வால்

பிரையர் தீவில் வெர்னா டைட்டஸைத் தெரியாதவர் கிடையாது. திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போகும் படகில் அவள்தான் சமையல். யாராவது "அதோ!" என்று கத்தினால் போதும், மீன் சூப்பை அப்படியே போட்டுவிட்டுக் கேமராவோடு மேல்தளத்துக்கு ஓடுவாள். ஆடுகிற படகு, ஈரக் கை, படம் பின்னே எப்படி வரும்? மங்கலாகத்தான் வரும். அதற்காகச் சும்மா விடுகிற ஆளா அவள்! ஒரு குளிர்காலம் முழுக்கக் கணினியைக் கட்டிக்கொண்டு அழுது, மங்கிய படத்தைக் கூர்மையாக்கக் கற்றுக்கொண்டாள். திமிங்கிலத்துக்கு வால்தான் முகம். அந்தக் கறுப்பு வெள்ளைத் திட்டு தெளிந்தால்தான் ஆள் யாரென்று சொல்ல முடியும்.

அன்றைக்கு வந்தது மிட்டன் என்கிற பெண் திமிங்கிலம். வாலில் கையுறை மாதிரி வெள்ளைத் திட்டு உள்ளவள். போன வருஷம் வாலடியில், லாப்ஸ்டர் என்கிற பெரிய சிங்கி இறாலைப் பிடிக்கும் கூண்டின் கயிறு இறுக்கியபடி போனவள் அப்புறம் கண்ணிலேயே படவில்லை. அந்தக் கயிறு வெர்னாவின் புருஷன் எல்வுட்டுடையது. அன்றையிலிருந்து மனுஷனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படத்தைத் திறந்தாள். எல்வுட் அவள் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். அவசரத்தில் கூர்மையை ஒரேயடியாக ஏற்றிவிட்டாள். வாலடியில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு!

"கயிறு! இன்னும் கழலல பாருடி!" எல்வுட் போனை எடுத்தான். கயிறு அறுக்கும் குழுவின் தலைவன் மெரில் உடனே கிடைத்தான்.

"காத்து ஏறிட்டிருக்கு, எல்வுட். இந்தக் கடல்ல ஆளுங்கள இறக்குறது விளையாட்டில்ல. நிச்சயந்தானா?"

"கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றேன்!"

வெர்னாவுக்கு ஏதோ உறுத்தியது. படத்தின் ஓரத்தில் பறந்த கடற்காக்கையைப் பெரிதாக்கினாள். அதைச் சுற்றியும் அதே வெள்ளைக் கோடு. படகுக் கம்பியைச் சுற்றியும் அதுவே.

"யோவ், போனை வைக்காத, இரு. காக்காவுக்கும் நீதான் கயிறு கட்டுனியா?"

"என்னடி உளர்ற?"

"கூர்மைய ஓவரா ஏத்திட்டேன். விளிம்புக்கெல்லாம் வெள்ளை பூசிடுச்சு. இது கயிறாவும் இருக்கலாம், வெறும் தழும்பாவும் இருக்கலாம்."

"மெரில், ஒரு நிமிஷம்," என்றான் எல்வுட்.

அவள் மூலப்படத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அதன்மேல் ஒரு நகலைப் போட்டு, விளிம்புகளை மட்டும் பிரித்துக் காட்டும் வடிகட்டியை ஓட்டினாள். திரை முழுக்கச் சாம்பலானது. கடல் போச்சு, வானம் போச்சு, விளிம்புகள் மட்டும் மெல்லிய கோடுகளாக நின்றன. எத்தனை தடவை பார்த்தாலும் இந்த இடத்தில் அவளுக்கு மெய் சிலிர்க்கும். அம்மாடி, இவ்வளவும் அந்த மங்கலுக்குள்ளேயா இருந்தது! நகலைப் படத்தோடு கலந்து, வாலடியில் மட்டும் தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மையைத் தடவினாள். வெள்ளைக் கோடு வரவில்லை. ஆறிப்போன தழும்பு ஒன்று வந்தது.

"கயிறு இல்லய்யா. கழண்டுடுச்சு."

எல்வுட் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "நல்லாப் பாத்தியா? இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாரேன்."

"ஏத்துனா இல்லாதது வந்து நிக்கும். சும்மா இரு."

ஆனால் அவள் கை நின்றுவிட்டது. வாலுக்குப் பக்கத்தில், அலை என்று தொடாமல் விட்ட இடத்தில், ஒரு வளைவு இருந்தது. மறுபடியும் கண்கட்டோ என்னவோ! ஒருமுறை பட்டது போதாதா? அடுத்தடுத்து எடுத்திருந்த படங்களைத் திறந்தாள். எல்லாவற்றிலும் அது இருந்தது. கடைசிப் படத்தில் கூர்மையே தேவைப்படவில்லை. சின்ன முதுகு, அதன்மேல் சின்னதாக ஒரு நீர்ப்பீச்சு.

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். எல்வுட் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"ஹலோ, இருக்கியா?" போனில் மெரில் கத்தினான். "படகை எடுக்கவா, வேணாமா?"

வெர்னா போனை வாங்கினாள்.

"வேணாம், மெரில். கயிறு போயிடுச்சு. மிட்டன் அம்மாவாயிட்டா."