பஸ்ஸில் இடம் பார்க்கும் ஆபிரகாம்

மராத்திக்காரர்கள் ஊரில் எங்கள் பேட்டையான கட்கியில் ஆபிரகாமைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பத்திரண்டு வருடம் சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். சர்ச்சுக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். யாராவது வீடு வாங்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், தானும் கூட வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார். காசு வாங்க மாட்டார். டீயைக்கூடச் சொந்தக் காசில்தான் குடிப்பார்.

சும்மா எவன் நமக்காக அலைவான்? பில்டரிடம் கமிஷன் வாங்குகிறார் என்றுதான் நான் நினைத்தேன். முகத்துக்கு நேராகவே கேட்டும் இருக்கிறேன்.

"உனக்கு உன் நெழல் மேலயே சந்தேகம்க்கா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். பதில் சொன்னாரா? இல்லை. அதையும் நான் கவனித்து வைத்திருந்தேன்.

என் மகள் அமலா பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மார்ச் மாதத்தோடு வேலை முடிகிறது. தனியார் பள்ளி, பென்ஷன் கிடையாது. அவளுடைய பி.எஃப். பணத்தோடு அவள் அப்பா விட்டுப்போனதையும் சேர்த்து ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட வேண்டும். அந்த வாடகையில்தான் நாங்கள் இரண்டு பேரும் கஞ்சி குடிக்க வேண்டும். தப்பான இடத்தில் போட்டுவிட்டால் கஞ்சியும் இல்லை.

அருண்ராஜ் என்று ஒரு புரோக்கர் வந்தான். கோயம்புத்தூர்க்காரன், தேன் ஒழுகும் வாய். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏசி காரோடு வந்து எங்களை ஏற்றிக்கொண்டான். நாற்பது நிமிடத்தில் இடம் வந்துவிட்டது. ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் கராடியைத் தாண்டி, கரும்புக்காட்டுக்கு நடுவில் நாலு உயரமான கட்டடங்கள்.

"கராடில இருந்து பத்தே நிமிஷந்தானுங்க ஆன்ட்டி. ஐ.டி. பசங்க வாடகைக்குப் பறந்து வருவானுங்க. லொகேஷன் அப்படிங்க."

"எங்கடா பறக்கிறானுங்க? ஒரு காக்காகூடக் காணோம்."

"ஞாயித்துக்கிழமைங்க ஆன்ட்டி, தூங்குவாங்க."

அமலா சாம்பிள் ஃப்ளாட்டின் பால்கனியில் நின்று மயங்கிவிட்டாள். குழாயைத் திறந்தாள், தண்ணீர் கொட்டியது. புதன்கிழமை டோக்கன் பணம் கொடுப்பதாக அங்கேயே சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆபிரகாம் எங்கள் வாசலில் நின்றார்.

"அமலா, இன்னிக்கு லீவு போடு. அக்கா, நீயும் கெளம்பு. பஸ்ல போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

"அதான் பாத்துட்டு வந்தமே."

"கார்ல பாத்தது பாத்த கணக்கே இல்லக்கா."

"இதுல உனக்கு இன்னா வருது?"

அவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். இந்த ஆள் எங்கே மாட்டுகிறார் பார்க்கலாம் என்றுதான் நான் கிளம்பினேன்.

எட்டு மணிக்கு பஸ் ஏறி, பெரிய ஸ்டேஷனில் மாறி, கராடியில் இறங்கும்போது மணி பத்து. அங்கிருந்து பஸ் கிடையாது. இடத்தின் பெயரைச் சொன்னதும் இரண்டு ஆட்டோக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் இரட்டைக் காசு கேட்டு ஏற்றினான். ஒரே ஒரு சின்ன ரோடு. அதில் லாரி, ஸ்கூல் வேன், கரும்பு டிராக்டர் எல்லாம். அருண்ராஜின் பத்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஆனது.

ஆபிரகாம் கட்டடத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டருகே நின்று, வீட்டு வேலை முடித்து வெளியே வந்த ஒரு பெண்ணை நிறுத்தி, எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று மராத்தியில் கேட்டார். எங்கே போனாலும் அதுதான் அவர் முதல் கேள்வி. வேலைக்காரி வந்து போக முடியாத இடத்தில் வாடகைக்காரன் தங்க மாட்டான் என்பது அவர் தீர்மானம்.

"பஸ்ஸா? நடந்துதான் வர்றேன் பெரியவரே" என்றாள் அவள். "முன்னாடி ஆறு வீடு செஞ்சேன், இப்ப ரெண்டுதான். மழைக்காலத்துல ரோடே இருக்காது, வெயில் காலத்துல டேங்கர் வந்தாத்தான் தண்ணி. வாடகைக்கு வந்தவங்கல்லாம் காலி பண்ணிட்டாங்க."

அப்போது வாட்ச்மேன் ஓடிவந்து ஆபிரகாமுக்கு சலாம் வைத்தான். கடைசியில் உங்கள் ஃப்ளாட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டதா என்று இந்தியில் கேட்டான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஆங், மாட்னியா! உன் ஃப்ளாட்டை எங்க தலையில கட்டத்தான் இம்மாந்தூரம் இட்டாந்தியா?"

ஆபிரகாம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொத பில்டிங்ல நாலாவது மாடி என்னுதுதான்க்கா. ரிட்டையரான பணம் மொத்தமும் அதுலதான் கெடக்குது. ரெண்டு வருஷமா வாடகைக்கும் ஆள் இல்ல, வாங்கவும் ஆள் இல்ல. நானே வந்து குடியிருக்கலாம்னா ஆஸ்பத்திரிக்குப் போவ ஒரு பஸ் இல்ல. ஆயுசு பூரா பஸ்ல நின்னவன், ஒருநாள் கார்ல வந்து ஏமாந்துட்டேன்."

"அப்ப அதை விக்கத்தான கூட்டியாந்த?"

"விக்கணும்னா உன்னை ஞாயித்துக்கிழமை கார்லதான இட்டாந்திருப்பேன்?"

அமலா குறுக்கே வந்து கேட்டாள்: "இதைக் கட்கியிலயே சொல்லியிருக்கலாமே அங்கிள்?"

"சொன்னா உங்கம்மா நம்புமா? தன்னுது விக்கலைன்னு வயித்தெரிச்சல்ல சொல்றான்னு சொல்லும்."

சொல்லியிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன்.

அமலா அங்கேயே நின்று அருண்ராஜுக்கு போன் போட்டு டோக்கன் கிடையாது என்றாள். இன்னும் ரெண்டு வருஷத்தில் பெரிய ரோடு வருகிறது என்று அவன் ஆரம்பித்தான். நான் போனைப் பிடுங்கினேன்.

"ரோடு வரட்டும்டா. வந்ததும் அதுலயே நடந்து வந்து சொல்லு, அப்ப வாங்கிக்கறோம்."

இப்போது அமலா கட்கி ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்திருக்கிறாள். லிஃப்ட் கிடையாது, சுவரில் ஓதம். எதிரிலேயே பஸ் ஸ்டாப். காலையில் வேலைக்காரிகள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். ஆபிரகாம் அரை மணி நேரம் அந்த ஸ்டாப்பில் நின்று பார்த்துவிட்டு, வாங்கலாம் என்றார்.

அதில் அவருக்கு ஏதாவது கமிஷன் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.