கோயில் முதல், மச்சம் பிறகு

திருகோணமலை பஸ் நிலையத்தில் நேரம் பதிவதுதான் என் உத்தியோகம். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி எழுதியே தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கிறுக்கு போகவில்லை. அவுஸ்திரேலியாவிலிருந்து தம்பி இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு வருகிறான், எங்களோடு நிற்கப்போவது மூன்றே நாள் என்றதும், ஒரு கொப்பியை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் பயணத்துக்கு நேர அட்டவணை போடத் தொடங்கினேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு காலமும் ஒரு பஸ்ஸாவது அட்டவணையில போட்ட நேரத்துக்கு வெளிக்கிட்டதே?"

நான் அடுத்த தாளைப் புரட்டினேன்.

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. சாப்பாடுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தம்பிக்குக் குச்சவெளி நண்டும் மூதூர்த் தயிரும் கொடுக்க வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணறும், திரியாயின் பழைய கல்தூண்களும் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கோணேசர் கோயில் வேண்டும். மீன், நண்டு என்று மச்சம் தின்ற வாயோடு கோயிலுக்குப் போக முடியாது. நண்டை முன்னுக்குப் போட்டால் கோயில் கெடும், கோயிலை இரண்டாம் நாளுக்குத் தள்ளினால் முதல் நாள் முழுக்க மரக்கறி. இரண்டு தாளைக் கிழித்தெறிந்த பிறகுதான் சரி வந்தது. முதல் நாள் விடிய வெறும் வயிற்றோடு கோயில். பிறகு கிண்ணியாப் பாலத்தால் தெற்கே இறங்கி மூதூர், மத்தியானம் கட்டைபறிச்சானில் சித்தப்பா வீட்டில் சாப்பாடு. அடுத்த நாள் வடக்குப் பக்கம், கடைசியில் நண்டு.

சித்தப்பா எங்கள் அப்பாவின் கடைசித் தம்பி. அந்தத் தலைமுறையில் மிஞ்சி இருந்தது அவர் ஒருவர்தான். அட்டவணையை அவருக்கும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு அவரே இரண்டு தரம் எடுத்து, "பன்னிரண்டரை எண்டா பன்னிரண்டரைக்கு வந்திடுவியளோ? அவனுக்கு ஊர்க்கோழி பிடிக்குமோ, இறாலும் வாங்கட்டோ?" என்று விசாரித்தார். இரண்டையும் வைக்கச் சொன்னேன்.

உண்மையில் தம்பி வந்தது நண்டுக்கும் தயிருக்கும் இல்லை. அவனுடைய ஒரே மகளுக்கு அடுத்த கிழமை இதயத்தில் சத்திரசிகிச்சை. பத்தொன்பது வயதுப் பிள்ளை. அதற்கு முதல் தானே நேரில் வந்து கோணேசருக்கு அபிஷேகம் செய்கிறேன் என்று நேர்த்தி வைத்திருந்தான். மற்றதெல்லாம் நான் கொப்பியில் ஏற்றிய சாமான்கள். அவன் மறுப்புச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பயணத்தன்று விடிய ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. சித்தப்பாவின் மகள்.

"அண்ணா, அப்பா போயிட்டார். எழும்பிக் கிணத்தடிக்குப் போனவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்."

அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இன்றைக்குக் கோயில் என்ற நினைப்புத்தான் வந்தது. அதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அப்பாவின் கூடப்பிறந்தவர் என்றால் எங்கள் இருவருக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. தம்பிக்கு நாளை இரவு விமானம், பிள்ளைக்கு அடுத்த கிழமை சத்திரசிகிச்சை. முப்பத்தொரு நாளை நான் எங்கே கொண்டுபோய்ச் செருகுவது? கேள்விப்பட்ட நேரத்திலிருந்துதான் துடக்கு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் கேட்டுவிட்டேன். அவன் இன்னும் கேட்கவில்லை. அவன் குளித்துக்கொண்டிருந்தான்.

"தம்பிக்கு நீங்கள் போன் எடுக்காதேங்கோ, நானே சொல்லுறன்" என்று அவளிடம் சொல்லி வைத்தேன். குசினி வாசலில் நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"என்ன செய்யப்போறியள்?"

"தெரியாது."

"சொல்லாட்டிப் பிழை. சொன்னா அந்தப் பிள்ளை..." என்று தொடங்கியவள் முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

தம்பி புது வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தான். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. வாயைத் திறந்தேன். "நேரமாச்சு, வெளிக்கிடுவம்" என்றுதான் வந்தது.

வாடகைக்குப் பிடித்த வானில் அவன் பக்கத்தில் இருந்து ஊர்க்கதை சொல்லிக்கொண்டு போவதுதான் என் திட்டம். என் துடக்கு ஒட்டிவிடும் என்று அவனைத் தொடப் பயந்து, சாரதியோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். கோட்டை வாசலைத் தாண்டி மேலே போய், செருப்பு வைக்கிற இடத்தில் இறங்கினோம்.

"எனக்கு முழங்கால் ஏலாது. நீ போயிட்டு வா."

"நான் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன், வாங்கோ அண்ணா. உங்கட பேரிலயும் அர்ச்சனை செய்ய வேணும்."

கையை நீட்டினான். நான் வெடுக்கென்று விலகிவிட்டேன். அவன் முகம் சுருங்கியது. அர்ச்சனைத் தட்டோடு தனியே ஏறிப் போனான். நான் கீழே நின்று கோயில் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கும்பிடக்கூட எனக்குக் கை எழும்பவில்லை. சித்தப்பாவுக்காக அழுவதா, பிள்ளைக்காக வேண்டுவதா, செய்த வேலைக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் மரக்கட்டையாக நின்றேன்.

அவன் எட்டரைக்குத் திரும்பி வந்தான். நெற்றி நிறையத் திருநீறு, கண் கலங்கி இருந்தது. "இப்பதான் மனம் ஆறுதலாக் கிடக்கு, அண்ணா" என்று சொல்லி, என் நெற்றியில் பூச விரலைக் கொண்டுவந்தான். அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"விடிய அஞ்சு மணிக்கு."

கோபிப்பான் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப நான் செய்தது சேருமோ, அண்ணா?"

"நீ அறியாமல்தானே போனனி. கேட்டாத்தான் துடக்கு."

"நீங்கள் கேட்டிட்டியள்தானே. நானும் நீங்களும் வேறையோ?"

அவன் புறங்கையால் நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டு வானில் ஏறினான்.

வானைக் கட்டைபறிச்சானுக்கு விடச் சொன்னேன். சாரதிக்கும் விசயம் விளங்கிவிட்டது, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது தம்பியின் தொலைபேசி அடித்தது. மகள், வீடியோவில்.

"அப்பா, கோயிலுக்குப் போனீங்களா?"

"ஓம் மகள். எல்லாம் வடிவாச் செய்தாச்சு."

"அப்ப திருநீறு எங்க?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேர்வையில அழிஞ்சு போச்சு, மகள்" என்றான். "நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."

"சரி அப்பா, இனி எனக்குப் பயமில்லை" என்று அந்தப் பிள்ளை சிரித்தது.